விசேட தேவையுள்ள பிள்ளையின் பற்களைப் பாதுகாப்போம்



நீங்கள் கடல் கடந்து இந்தியாவின் மண்டபம் முகாமிலிருந்து வந்திருக்கலாம். 1990 இல் புத்தளத்துக்குச் சென்று, பல வருடங்களின் பின் எருக்கலம்பிட்டிக்கோ முசலிக்கோ திரும்பியிருக்கலாம். வவுனியா செட்டிகுளம் முகாமிலிருந்து மாந்தை மேற்கிலுள்ள சொந்தக் காணிக்கு வந்திருக்கலாம். எங்கிருந்து வந்தாலும் செய்ய வேண்டிய வேலைகள் ஏராளம். காணி துப்புரவாக்க வேண்டும், கூரை போட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளையின் பல்லைக் கவனிக்க நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயமே.

ஆனாலும் உங்கள் வீட்டில் நடக்க, பேச, விளங்கிக்கொள்ள, அல்லது தன் கையால் வேலை செய்யச் சிரமப்படும் ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பாடத்தைப் பொறுமையாக வாசியுங்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் பல் கெட்டுப்போவது அதன் குறைபாட்டின் ஒரு பகுதி என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. பிள்ளைக்கு மூளை முடக்குவாதம் இருக்கலாம், ஆனால் பற்சூத்தை அதனுடன் கூடப் பிறந்ததல்ல. பற்சூத்தையைத் தடுக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு தூரிகை, சிறிது பற்பசை, அரைக் கோப்பைத் தண்ணீர், பெரியவர் ஒருவரின் கை, நாளுக்கு 2 தடவை சில நிமிடங்கள். அவ்வளவுதான்.

1. பற்சூத்தை எப்படி உண்டாகிறது?

எல்லோருடைய வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உள்ளன. அவை பல்லின் மேல் மெல்லிய, வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. நாம் சீனி சேர்ந்த உணவு உண்ணும்போது இக்கிருமிகளும் அதை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் ஏறக்குறைய அரை மணி நேரம் பல்லின் மேற்பரப்பைக் கரைக்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, கரைந்த இடத்தை மெதுவாகச் சீர்செய்யும்.

பிள்ளை நாளுக்கு 3 தடவை மட்டும் உண்டால் உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். காலையிலிருந்து இரவு வரை பிஸ்கட், இனிப்புத் தேநீர், ரொபி என்று சிறிது சிறிதாகக் கொடுத்தால் பல் முழு நாளும் அமிலத்தில் ஊறியிருக்கும். எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை சீனி என்பதே முக்கியம்.

பாற்பல் விழத்தானே போகிறது, அதைக் கவனிக்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. பாற்பற்கள் 20. அவற்றில் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருக்கும். அவை கெட்டால் அத்தனை வருடமும் பிள்ளை வலியோடு உண்ண வேண்டும். அத்துடன் ஏறக்குறைய 6 வயதில், பாற்பற்களுக்குப் பின்னால் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே இது முளைப்பதால் பெற்றோர் பலர் இதையும் பாற்பல் என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். இது கெட்டால் மீண்டும் முளைக்காது.

2. விசேட தேவையுள்ள பிள்ளைக்கு ஆபத்து ஏன் அதிகம்?

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை: நாக்கும் கன்னமும் நன்றாக அசையாததால் உணவு கன்னத்தின் உட்புறத்தில் தங்கிவிடும். மென்மையான, குழைத்த உணவே கொடுப்பதால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பல் நெருடும் பழக்கமும் விழுந்து பல் உடைவதும் உண்டு.

வலிப்பு உள்ள பிள்ளை: பினைட்டோயின் என்ற வலிப்பு மருந்து சிலருக்கு முரசைத் தடிக்கச் செய்யும். முரசு தடித்தால் பல்லைச் சுற்றி அழுக்குச் சேரும். இதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. வாயைத் துப்புரவாக வைத்திருந்தால் வீக்கம் குறைவாக இருக்கும். வைத்தியரிடமும் இதைச் சொல்லுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை: பற்கள் தாமதமாக முளைக்கும். அதையிட்டுப் பயப்பட வேண்டாம். ஆனால் முரசு நோய் இளம் வயதிலேயே தொடங்கிப் பற்கள் ஆடக்கூடும். இவர்களில் பலருக்கு இதயக் குறைபாடும் இருப்பதால் முரசிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலப்பது ஆபத்தானது.

ஓட்டிசம் உள்ள பிள்ளை: தூரிகை வாயில் படுவதையும் பற்பசையின் சுவையையும் தாங்கிக்கொள்ள மாட்டாது. அது பிடிவாதம் அல்ல. நமக்குச் சிறிதாகத் தோன்றும் தொடுகை அந்தப் பிள்ளைக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அண்ணப் பிளவு உள்ள பிள்ளை: பிளவின் அருகே பற்கள் கோணலாக முளைக்கும். அந்த இடத்தில் உணவு தங்கும்.

குழாய் மூலம் உணவு பெறும் பிள்ளை: வாயால் உண்ணாததால் பல் துலக்கத் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். வாயில் பெருகும் கிருமிகள் உமிழ்நீருடன் நெஞ்சுக்குள் இறங்கினால் நியூமோனியா உண்டாகலாம். விழுங்கச் சிரமப்படும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு வாய்ச் சுகாதாரம் நெஞ்சையும் காக்கிறது.

இவற்றுடன் இன்னொரு காரணத்தையும் நாம் ஒளிக்காமல் பேச வேண்டும். முகாம் வாழ்க்கையில் அழும் பிள்ளையை அமைதிப்படுத்த நம் கையில் இருந்தவை பெரும்பாலும் பிஸ்கட்டும் சீனித் தண்ணீரும்தான். ஓடி விளையாட முடியாத பிள்ளைக்கு அக்கம்பக்கத்தவரும் இரக்கப்பட்டு இனிப்புக் கொடுத்தார்கள். அது அன்பினால் நடந்தது, யாரும் குற்றவாளி அல்ல. வீடு திரும்பிய பின்பு அந்தப் பழக்கத்தை மாற்றலாம்.

3. வலியைச் சொல்ல முடியாத பிள்ளை

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பேசாத 8 வயதுப் பிள்ளை. ஒரு வாரமாகச் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிறது. இரவில் அழுகிறது. கையால் தன் கன்னத்தில் அடித்துக்கொள்கிறது. புதிய இடம் பிடிக்கவில்லை என்கிறார் ஒருவர், கண்ணூறு என்கிறார் இன்னொருவர். பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளே ஒரு கடைவாய்ப் பல் பாதி உடைந்து, முரசில் சீழ்க்கட்டி இருக்கிறது.

பின்வரும் மாற்றங்களில் ஒன்றைக் கண்டாலும் முதலில் வாயைப் பாருங்கள்:

- வழமையாக உண்ணும் உணவை மறுத்தல், ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுதல்
- குளிர்ந்த நீர் பட்டதும் திடுக்கிடுதல்
- கன்னத்தில் அல்லது தலையில் அடித்தல், கையைக் கடித்தல்
- இரவில் விழித்து அழுதல்
- வாய்நீர் வழமையைவிட அதிகமாக வடிதல், வாய் நாற்றம்
- வலிப்பு அல்லது தசை இறுக்கம் காரணமின்றிக் கூடுதல்

மாதத்துக்கு ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி முன்பற்களையும் முரசையும் பாருங்கள். முரசின் ஓரமாகப் பல்லில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பற்சூத்தையின் ஆரம்பம். இந்த நிலையில் புளோரைட்டுப் பற்பசையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் அதை நிறுத்தலாம். கபில நிறமாகவோ குழியாகவோ மாறியிருந்தால் பல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

4. பல் துலக்கிவிடும் முறை

எப்போது தொடங்குவது? முதல் பல் முளைத்த நாளிலிருந்து. அதற்கு முன்பும் ஈரமான துப்புரவான துணியால் முரசைத் துடைத்துவிட்டால் பிள்ளை பழகிவிடும்.

எத்தனை தடவை? காலையில் ஒரு தடவை, இரவில் படுக்கும் முன் ஒரு தடவை. இரவில் துலக்குவதே மிக முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் பல்லுக்குக் காவல் இல்லை. இரவு துலக்கிய பின் தண்ணீர் மட்டுமே கொடுக்கலாம்.

எந்தத் தூரிகை? தலை சிறியதாகவும் தும்பு மென்மையாகவும் இருக்க வேண்டும். தும்பு விரிந்ததும் அல்லது 3 மாதத்தில் மாற்றுங்கள். ஒருவர் தூரிகையை மற்றவர் பாவிக்கக் கூடாது.

எந்தப் பற்பசை? உறையில் புளோரைட்டு குறைந்தது 1000 பிபிஎம் என்று இருக்க வேண்டும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும், எந்த வயதானாலும் துப்பத் தெரியாத பிள்ளைக்கும் ஓர் அரிசிமணி அளவு போதும். துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பட்டாணி அளவு. கரி, செங்கல் தூள், மணல் ஆகியவை பல்லின் மேற்பரப்பைத் தேய்த்துவிடும். அவற்றைப் பாவிக்க வேண்டாம்.

எப்படி உட்கார வைப்பது?

- சிறு பிள்ளை: பாயில் நீங்கள் கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் நன்றாகத் தெரியும்.
- இருவர் இருந்தால்: முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருங்கள். பிள்ளையின் கால்கள் ஒருவர் பக்கம், தலை மற்றவர் மடியில். ஒருவர் கைகளை மென்மையாகப் பிடிக்க மற்றவர் துலக்கலாம்.
- கதிரையில் அல்லது சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை: பின்னால் நின்று, உங்கள் கையை நாடியின் கீழ் வைத்துத் தலையை உங்கள் உடலில் சாய்த்துக்கொள்ளுங்கள்.
- விழுங்கச் சிரமப்படும் பிள்ளை: மல்லாக்காகப் படுக்க வைக்க வேண்டாம். நிமிர்த்தி உட்கார வைத்து, நாடியைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்திருங்கள். பற்பசையை மிகக் குறைவாகப் பூசி, நுரையைத் துணியால் துடைத்தெடுங்கள். உட்கார முடியாவிட்டால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

எப்படித் துலக்குவது? தூரிகையைப் பல்லும் முரசும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, சிறு சிறு வட்டமாக அசையுங்கள். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்று ஒழுங்காகச் செல்லுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். முரசில் இரத்தம் கசிந்தால் நிறுத்த வேண்டாம். அழுக்குத் தங்கியதால்தான் இரத்தம் வருகிறது. மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் ஓரிரு வாரங்களில் குறையும். குறையாவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கடைசியில் கன்னத்தின் உட்புறத்தில் உணவு தங்கியுள்ளதா என்று பார்த்துத் துடையுங்கள்.

பிள்ளை பல்லை இறுக்கிக் கடித்தால் விரலைப் பற்களுக்கிடையே விடாதீர்கள். இன்னொரு தூரிகையின் பிடியில் துணியைத் தடிப்பாகச் சுற்றிக் கடைவாய்ப் பக்கத்தில் மெதுவாக வைத்து, மறுபக்கத்தைத் துலக்குங்கள். வலிப்பு வரும் நேரத்தில் வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது.

தொடுகையைத் தாங்காத பிள்ளையிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் எதிர்பார்க்காதீர்கள். முதல் சில நாட்கள் தூரிகையைக் கையில் பிடிக்கட்டும். பிறகு உதட்டில் தொடுங்கள். பிறகு முன்பல்லில் 5 எண்ணும்வரை. நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பாட்டு அல்லது எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், பயம் குறையும். கண் தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு அசைவுக்கும் முன் சொல்லித் தொடுங்கள். காது கேளாத பிள்ளைக்கு உங்கள் வாயில் செய்து காட்டுங்கள்.

தானே துலக்க விரும்பும் பிள்ளையை விடுங்கள். கை இறுகப் பிடிக்க முடியாவிட்டால் தூரிகையின் பிடியைத் தடிப்பாக்குங்கள். பழைய சைக்கிள் கைப்பிடி உறை, ரப்பர் பந்து, அல்லது மீன்வலையில் கட்டும் உதிராத மிதப்பு ஒன்றைக் கழுவித் துளையிட்டுப் பிடியைச் செருகலாம். பிள்ளை துலக்கி முடிந்ததும் பெரியவர் ஒருவர் மீண்டும் ஒரு தடவை துலக்கிவிட வேண்டும். அது எப்போதும் தாய்தான் என்றில்லை. தந்தை, அம்மம்மா, மூத்த சகோதரர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

5. உணவும் மருந்தும்

இனிப்பை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. அதைச் சாப்பாட்டு நேரத்துடன் சேர்த்துக் கொடுங்கள். இடைநேரத்தில் வாழைப்பழம், கொய்யா, அவித்த கடலை, அவித்த மரவள்ளி கொடுக்கலாம். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அவற்றை மசித்துக் கொடுங்கள். முழுக் கடலை கொடுக்க வேண்டாம். பனங்கட்டி நம் ஊர்ப் பொருள், சீனியைவிட நல்லது என்று பலர் நம்புகின்றனர். பல்லுக்கு இரண்டும் ஒன்றே. பினாட்டுப் போன்றவை பல்லில் ஒட்டிக்கொண்டு நீண்ட நேரம் இருக்கும்.

பால்போத்தலில் இனிப்புப் பாலோ தேநீரோ ஊற்றி, அதை வாயில் வைத்தபடி பிள்ளையைத் தூங்க விடாதீர்கள். முன்பற்கள் வரிசையாகக் கெட்டுப்போவதற்கு இது முக்கிய காரணம்.

பாணி மருந்துகள் பலவற்றில் சீனி உண்டு. வலிப்புக்காகவோ வேறு நோய்க்காகவோ நாள்தோறும் பாணி மருந்து குடிக்கும் பிள்ளைக்கு அது நாள்தோறும் இனிப்புக் கொடுப்பதற்குச் சமம். மருந்தை நிறுத்தாதீர்கள். இரவு மருந்தைப் பல் துலக்குவதற்கு முன் கொடுங்கள். மற்ற வேளைகளில் மருந்துக்குப் பின் சிறிது தண்ணீர் கொடுங்கள், அல்லது ஈரத்துணியால் பல்லைத் துடையுங்கள். சீனி சேராத மருந்தோ குளிசையோ உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

6. தண்ணீர் பற்றி

மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் நல்ல தண்ணீர் அருமை என்பது உங்களுக்குத் தெரியும். பல் துலக்க அதிகம் தேவையில்லை. துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். வாயை நிறையக் கொப்பளித்தால் பல்லைக் காக்கும் புளோரைட்டும் போய்விடும். தூரிகையைக் கழுவக் கொதித்தாறிய நீர் சிறிதளவு வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையின் உலர் வலயத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே புளோரைட்டு அதிகம். பல் உருவாகும் வயதில் அப்படிப்பட்ட நீரைக் குடித்து வளர்ந்தால் நிரந்தரப் பற்களில் வெள்ளை அல்லது கபிலக் கறை விழும். அதைப் பற்சூத்தை என்றோ அழுக்கு என்றோ எண்ணித் தேய்க்க வேண்டாம். நீண்ட காலம் பாவிக்காத கிணற்றை அல்லது குழாய்க்கிணற்றைக் குடிநீருக்கு எடுக்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

7. யாரிடம் செல்வது?

அரச வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பல் வைத்தியரைக் காணலாம். உங்கள் ஊருக்குக் கிட்டிய வைத்தியசாலையில் பற்சிகிச்சை எந்த நாட்களில் நடைபெறுகிறது என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கின்றனர். பாடசாலைக்குப் போகாத பிள்ளைக்கும் அதைக் கேட்டுப் பெறலாம்.

பிள்ளைக்கு ஒரு வயது நிறையும் முன், வலி வரும்வரை காத்திராமல், முதல் தடவை காட்டுங்கள். பிறகு 6 மாதத்துக்கு ஒரு தடவை. பல்லில் புளோரைட்டு வாணிஷ் பூச முடியுமா என்று கேளுங்கள். பூசுவதற்குச் சில நிமிடங்கள் போதும், வலி இல்லை.

செல்லும்போது கொண்டு செல்ல வேண்டியவை: பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகளின் உறைகள். இந்தியாவில் அல்லது வேறு மாவட்டத்தில் கிடைத்த சிகிச்சைத் துண்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். இடம்பெயர்வில் அவை தொலைந்திருந்தாலும் சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம். இதயக் குறைபாடு, வலிப்பு, ஒவ்வாமை, இரத்தம் நிற்காத நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இதயக் குறைபாடுள்ள சில பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கும் முன் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

பிள்ளை நெரிசலில் கலங்குமானால், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று முன்கூட்டியே கேட்டுச் செல்லுங்கள். முதல் தடவை கதிரையில் உட்கார்ந்து வந்தாலே போதும். இந்தப் பிள்ளைக்கு இங்கே செய்ய முடியாது என்று சொன்னால், வெறுங்கையோடு திரும்பாதீர்கள். எங்கே செய்யலாம் என்று கேட்டு அனுப்புகைக் கடிதம் வாங்குங்கள். பல பற்கள் கெட்டுவிட்ட பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கலாம். அதற்கு யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்குச் செல்ல நேரலாம். மதவாச்சி வழியாகக் கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பேருந்தில் அந்தப் பிள்ளையுடன் போகும் சிரமத்தையும் இழக்கும் கூலியையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் துலக்கும் சில நிமிடங்களின் பெறுமதி அப்போது விளங்கும். போக்குவரத்துச் செலவுக்கு உதவி தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

8. உடனடியாகச் செல்ல வேண்டிய நேரங்கள்

- முகம், நாடி அல்லது கழுத்து வீங்கிக் காய்ச்சல் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூச்சுவிட, விழுங்க, வாய் திறக்க முடியாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.
- விழுந்து நிரந்தரப் பல் கழன்றால் வேர்ப்பகுதியைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் சேருங்கள். பாற்பல் என்றால் திரும்ப வைக்க முயல வேண்டாம்.
- வலிக்குப் புகையிலை, சாராயம், அஸ்பிரின் ஆகியவற்றை முரசில் வைக்க வேண்டாம். முரசு வெந்துவிடும். பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் கொடுத்து வைத்தியரிடம் செல்லுங்கள்.

இன்றே தொடங்க

இன்றிரவு பிள்ளை படுக்கும் முன் இந்த 3 காரியங்களைச் செய்யுங்கள்: மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். அரிசிமணி அளவு பற்பசையால் துலக்கிவிடுங்கள். நாளை யார் துலக்குவது என்று வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள். அடுத்த தடவை குடும்ப நல உத்தியோகத்தர் வரும்போது உங்கள் பிள்ளையின் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பாடத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் பிள்ளை நடக்காமல் இருக்கலாம், பேசாமல் இருக்கலாம். வலியில்லாமல் உண்ணவும் உறங்கவும் சிரிக்கவும் அதற்கு முழு உரிமை உண்டு. அதை உங்கள் வீட்டிலேயே உங்கள் கையால் கொடுக்கலாம்.